உயிரணுவின் காலமும் ஒப்பந்தத்தின் காலமும்: மீளுருவாக்க மருத்துவத்தில் இளம் விஞ்ஞானிகளின் நிலை

1. ஆய்வின் பொருள்

கோலாலம்பூர் மாநகரின் தென்கிழக்கே, கூட்டரசுப் பிரதேசத்தின் எல்லையைக் கடந்து சிலாங்கூர் மாநிலத்திற்குள்ளும் பரந்து கிடக்கும் செராஸ் வட்டாரத்தை, அடுக்குமாடி வீடுகளும் கடைவரிசைகளும் இரவுச் சந்தைகளும் நிறைந்த ஒரு புறநகரென்று மட்டுமே அறிந்திருப்போர் பலர். அவ்வட்டாரத்தின் பண்டார் துன் ரசாக் பகுதியில், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமாகிய யூகேஎம்மின் மருத்துவமனை நிற்கிறது. துவாங்கு முஹ்ரிஸ் அவர்களின் பெயரை இன்று தாங்கியிருக்கும் அம்மருத்துவமனையைச் சார்ந்த திசுப் பொறியியல் ஆய்வுப் பிரிவில், தீப்புண்ணால் தோலை இழந்தவருக்கு அவருடைய தோலிலிருந்து எடுத்த ஒரு சிறு துண்டைக் கொண்டே புதிய தோலை வளர்த்தளிக்க வேண்டுமென்னும் முயற்சி, பேராசிரியர் ருஸிமா இட்ருஸ் அவர்களின் வழிகாட்டுதலில் வேரூன்றி, இருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாற்றைப் பெற்றுவிட்டது. நோயாளியின் தோலின் இரு வகை உயிரணுக்களையும், அவருடைய இரத்தத்திலிருந்தே பெறும் ஃபைப்ரின் என்னும் புரதத்தையும் சேர்த்து உருவாக்கப்படும் அவ்வீரடுக்குத் தோலுக்கு ‘மைடெர்ம்’ என்று பெயர்.

சிதைந்த திசுவைச் செப்பனிடுவதோடு நில்லாமல் அதனைப் புதிதாக வளரச் செய்வதே நோக்கமாகக் கொண்ட இந்த மீளுருவாக்க மருத்துவத் துறையில், அன்றாட வேலையின் பெரும்பகுதியைச் செய்து முடிப்போர் இளைஞர்களே. முனைவர் பட்டத்திற்கு உழைக்கும் ஆய்வு உதவியாளர், பட்டம் பெற்றபின் ஒப்பந்த அடிப்படையில் ஆய்வைத் தொடர்பவர், விரிவுரையாளராகச் சேர்ந்து முதற்சில ஆண்டுகளைக் கடப்பவர் ஆகிய மூவகையினரையும் ‘இளம் விஞ்ஞானி’ என்னும் சொல்லால் இக்கட்டுரை குறிக்கிறது. இவர்கள் தொடங்கும் பணி கனியும் வரையில் அப்பணியுடன் நிலைத்திருப்பதற்கு நம்முடைய ஏற்பாடுகள் இடம் தருகின்றனவா என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

2. நிலவும் விளக்கங்கள் மூன்று

இத்துறை நம் நாட்டில் எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை என்போர் பொதுவாக மூன்று காரணங்களைக் கூறுவர்.

பயிற்சி பெற்ற ஆட்கள் போதவில்லை என்பது முதலாவது. இந்த அபிப்பிராயத்தின் அடிப்படையில்தான், பத்தாவது மலேசியத் திட்டக் காலத்தில் ‘மைபிரெய்ன்15’ என்னும் உதவித்திட்டம் வகுக்கப்பட்டு, 2023ஆம் ஆண்டுக்குள் 60,000 முனைவர்களை நாடு பெற்றிருக்க வேண்டுமென்னும் இலக்கும் நிர்ணயிக்கப்பட்டது. பணம் போதவில்லை என்பது இரண்டாவது. நாட்டின் மொத்த உற்பத்தியில் ஆய்வுக்கும் மேம்பாட்டுக்கும் செலவான பங்கு, 2016இல் 1.44 விழுக்காடாக இருந்து 2020இல் 0.95 விழுக்காடாகத் தாழ்ந்தது. 2030ஆம் ஆண்டுக்குள் 3.5 விழுக்காட்டை எட்ட வேண்டுமென்று தேசியக் கொள்கை கூறுகிறது. திறமைசாலிகள் வெளியேறிவிடுகிறார்கள் என்பது மூன்றாவது. 2011இல் உலக வங்கி வெளியிட்ட அறிக்கை, வெளிநாடுகளில் வாழும் மலேசியர் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் என்றும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினரை அறிவுவளப் பெயர்ச்சியாகக் கொள்ளலாம் என்றும் மதிப்பிட்டது. 2003இல் பயோபோலிஸ் ஆய்வு வளாகத்தைத் திறந்த சிங்கப்பூர் அருகிலேயே இருப்பதையும் இவ்வாதத்தோடு சேர்த்துச் சொல்வர்.

மூன்று விளக்கங்களிலும் உண்மை உண்டு. ஆயினும் தனித்தனியே நிறுத்திப் பார்த்தால் ஒவ்வொன்றும் குறையுடையதாகவே தோன்றுகிறது. ஆட்களின் எண்ணிக்கையைப் பெருக்கும் திட்டம், பட்டம் பெற்ற மறுநாள் அவர் எங்கே அமர்ந்து வேலை செய்வார் என்னும் கேள்விக்கு விடை தருவதில்லை. பணத்தின் அளவைப் பற்றிய வாதம், அப்பணம் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருவரைத் தாங்கும் என்பதைக் கவனிப்பதில்லை. வெளியேற்றத்தைப் பற்றிய வாதமோ விளைவைக் காரணமாகக் கொள்ளும் பிழைக்கு இடமளிக்கிறது; ஏனெனில், தான் பயின்ற தொழிலைத் தொடர்வதற்கு இடமின்றிப் போனவரும், இடமிருந்தும் கூடுதல் சம்பளத்தை நாடிச் சென்றவரும் அக்கணக்கில் ஒன்றாகவே எண்ணப்படுகின்றனர். மூன்று விளக்கங்களுக்கும் அடியில் அவை தொடாத நான்காவது ஒன்று இருக்கிறது என்பதும், அது காலத்தைப் பற்றியது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

3. இளங்கைகள் செய்த வரலாறு

மீளுருவாக்க மருத்துவத்தின் வரலாற்றை மூத்த பேராசிரியர்களின் பெயர்வரிசையாகவே எழுதுவது வழக்கமாகிவிட்டது. ஆயினும் மூலக் கட்டுரைகளின் முதற்பெயர்களை நோக்கினால் வேறொரு சித்திரம் தெரியும்.

மனிதத் தோலின் மேலடுக்கு உயிரணுக்களைக் கண்ணாடிக் கலத்தில் தொடர்ந்து வளர்க்கும் முறையை 1975இல் உலகுக்கு அளித்த கட்டுரையின் முதல் ஆசிரியர் ஜேம்ஸ் ரைன்வால்ட், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஹோவர்ட் கிரீன் என்பாரிடம் பயின்றுகொண்டிருந்த மாணவர். வளர்ச்சி நிறுத்தப்பட்ட எலியின் உயிரணுக்களை அடித்தளமாகப் பரப்பி, அவற்றின்மேல் தோலணுக்களை வளரவிட்ட அந்த யுக்தியால், தபால்தலை அளவேயான தோல் துண்டு சில வாரங்களில் உடலையே போர்த்தக்கூடிய பரப்பாகப் பெருகுவது சாத்தியமாயிற்று. உடலின் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட தோலைத் தீயில் இழந்த இரு சிறுவர்கள் அம்முறையால் உயிர் பிழைத்த செய்தி 1984இல் மருத்துவ உலகுக்கு எட்டியது. செராஸில் வளர்க்கப்படும் தோலும் அந்த மாணவர் திறந்துவிட்ட பாதையின் தொடர்ச்சியே.

முதிர்ந்த உயிரணுவின் உட்கருவிலிருந்து முழுத் தவளையைப் பிறப்பிக்கலாம் என்பதற்கு ஜான் கர்டன் ஆதாரம் திரட்டத் தொடங்கியது ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்ட மாணவராக இருந்தபோதுதான். 1962இல் அவர் பிரசுரித்த முடிவுக்கு நோபெல் பரிசு வந்து சேர்ந்தது 2012இல், அதாவது சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து. அப்பரிசை அவருடன் பகிர்ந்துகொண்ட ஷின்யா யாமனாக்காவின் புகழ்பெற்ற 2006ஆம் ஆண்டுக் கட்டுரையிலும் முதற்பெயர், அவரிடம் பயின்று அண்மையில் முனைவர் பட்டம் பெற்றிருந்த கசுதோஷி தகாஹாஷியினுடையது. தேர்ந்தெடுக்கப்பட்ட 24 மரபணுக்களை நான்காகக் குறைத்து, சாதாரணத் தோலணுவை, பலவகை உயிரணுக்களாக மாறவல்ல குருத்தணுவின் நிலைக்குத் திருப்பிய அந்தப் பொறுமை மிக்க பரிசோதனைகள் அவருடைய கைகளில் நடந்தவை.

நம் வட்டாரத்திலும் இதற்குச் சான்று உண்டு. சிலாங்கூரின் செர்டாங்கிலுள்ள புத்ரா மலேசியப் பல்கலைக்கழகத்தின் குருத்தணு ஆய்வாளர் இராஜேஷ் இராமசாமி, இலண்டனில் பிரான்செஸ்கோ டாட்சியின் குழுவில் இளம் ஆய்வாளராக இருந்தபோது முதல் ஆசிரியராக நின்று 2007இல் வெளியிட்ட கட்டுரை, எலும்பு மச்சையின் இடைநிலைக் குருத்தணுக்கள் நோயெதிர்ப்பு மண்டலத்தின் ஒரு முக்கிய உயிரணு வகையை முதிரவிடாமல் தடுக்கும் விதத்தை விளக்கியது. அவ்வுயிரணுக்களைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தக் கருதுவோர் இன்றும் ஆராயும் விஷயம் அது. அவர் நாடு திரும்பிப் பேராசிரியராக உயர்ந்து புதிய மாணவர்களை உருவாக்கியிருக்கிறார் என்பது, இளமையில் கிடைத்த நல்ல பயிற்சியும் பின்னர் கிடைத்த நிலையான இடமும் சேர்ந்தால் என்ன விளையும் என்பதற்கு எடுத்துக்காட்டாகும்.

4. இருவேறு காலக் கணக்குகள்

இளைஞர்களின் கைகளால் வளர்ந்த இத்துறை, இளைஞர்களுக்கு விதிக்கும் காலக்கெடு எத்தகையது?

முதலில் உயிரணுவின் கணக்கைப் பார்ப்போம். முப்பத்தேழு பாகை வெப்பமும் ஐந்து விழுக்காடு கரியமில வாயுவும் மாறாது காக்கப்படும் பெட்டகத்தில், இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை ஊட்டத்திரவத்தை மாற்றி, விடுமுறை நாளென்றும் பெருநாளென்றும் பாராது கவனித்தால்தான் அணுக்கள் பெருகும். குருத்தணுவைக் குருத்தெலும்பாக மாற்றி நிரூபிக்கும் ஒரு பரிசோதனைக்கே ஏறக்குறைய மூன்று வாரங்கள் வேண்டும்; கிருமித்தொற்று ஏற்பட்டால் அவ்வளவும் வீணாகி மறுபடியும் தொடங்க வேண்டும். ஊட்டத்திரவமும் நொதிகளும் பெரும்பாலும் கடல்கடந்து வருபவையாதலால், அவை வந்து சேரும் வரை காத்திருப்பதும், ரிங்கிட்டின் மதிப்பு சரியும்போதெல்லாம் அதே மானியத்தில் குறைவாக வாங்க நேர்வதும் வழக்கமானவை. விலங்குகளில் சோதிக்க ஒரு நெறிக்குழுவின் அனுமதி, மனிதத் திசுவைப் பெற மற்றொரு நெறிக்குழுவின் அனுமதி என்று மாதங்கள் கழிகின்றன.

அதன்பின் வருவது சட்டத்தின் கணக்கு. மலேசியச் சுகாதார அமைச்சு 2009இல் குருத்தணு ஆய்வுக்கும் சிகிச்சைக்குமான வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. பின்னர், உயிரணு, மரபணுச் சிகிச்சைப் பொருள்களை மருந்துகளைப் போலவே பதிவு செய்ய வேண்டுமென்னும் நெறிகளைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2016இல் வெளியிட்டு, 2021 ஜனவரி முதல் நடைமுறைப்படுத்தியது. ஆய்வுக்கூடத்தில் பெருக்கப்பட்ட அணு அதிக ஆபத்துடைய வகையில் அடங்குமாதலால், மருந்துத் தொழிற்சாலைக்குரிய தூய்மைத் தரமும், ஒவ்வொரு படிக்கும் எழுத்துப்பூர்வமான சான்றும், மனிதப் பரிசோதனைக்கான உரிமமும் அவசியமாகின்றன. பிணியாளரைப் போலிச் சிகிச்சையிலிருந்து காக்கும் இவ்விதிகள் முற்றிலும் நியாயமானவை. ஆனால் அவை கேட்கும் ஆண்டுகளையும் யாரேனும் ஒருவர் உழைத்துக் கொடுத்தாக வேண்டும்.

உலக அனுபவமும் இதையே சொல்கிறது. கருவிழியின் விளிம்பிலுள்ள குருத்தணுக்களை வளர்த்துப் பார்வையை மீட்கலாம் என்று கிரசியெல்லா பெல்லெகிரினியும் மிக்கேலே டி லூக்காவும் தங்கள் குழுவினருடன் அறிவித்தது 1997இல். ‘ஹோலோகிளார்’ என்ற பெயரில் அச்சிகிச்சைக்கு ஐரோப்பா அனுமதி அளித்தது 2015இல். இடையில் கழிந்தவை பதினெட்டு ஆண்டுகள். ஹோவர்ட் கிரீனின் கூடத்தில் தோலணு வளர்க்கக் கற்ற அதே டி லூக்காவின் குழுதான், பரம்பரைத் தோல்நோயால் உயிருக்குப் போராடிய ஏழு வயதுச் சிறுவனுக்கு, குறை நீக்கிய மரபணுவைக் கொண்ட தோலை வளர்த்து உடலின் ஏறத்தாழ 80 விழுக்காட்டைப் போர்த்திய வெற்றியை 2017இல் வெளியிட்டது. ரைன்வால்டின் கட்டுரையிலிருந்து எண்ணினால் நாற்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன.

இனி ஒப்பந்தத்தின் கணக்கு. உயர்கல்வி அமைச்சின் அடிப்படை ஆய்வு மானியத்தின் ஆயுள் பொதுவாக இரண்டு முதல் மூன்று ஆண்டுகள். ஆய்வு உதவியாளரின் ஊதியம் பெரும்பாலும் அம்மானியத்திலிருந்தே வருவதால் அவருடைய ஆயுளும் அதுவே. பட்டத்திற்குப் பிந்திய ஒப்பந்தமோ ஓராண்டுக்கும் இரண்டாண்டுகளுக்கும் நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டுச் செல்வது. பதினெட்டு ஆண்டுப் பணியை மூன்றாண்டு மனிதர்களைக் கொண்டு நடத்துவதென்றால், அப்பணியின் ஒரு கட்டத்திலிருந்து மற்றொரு கட்டத்திற்குச் செல்லும் ஒவ்வொரு முறையும், கைப்பழக்கமாக மட்டுமே வாழ்கின்ற அறிவின் ஒரு பகுதி வெளியேறிச் செல்லும் நபருடன் போய்விடுகிறது என்பதே பொருள். தோலணுவின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அது நலமா நலிவா என்று சொல்லும் கண், எழுதிவைத்த செய்முறைக் குறிப்பால் மட்டும் உண்டாவதில்லை.

இக்குறை நமக்கு மட்டும் உரியதுமன்று. நோபெல் பரிசு பெற்ற யாமனாக்காவே, தம் கியோத்தோ ஆய்வகத்தின் ஊழியருள் மிகப் பெரும்பாலோர் குறுகியகால ஒப்பந்தத்தினர் என்று பகிரங்கமாக வருந்தி, ஆய்வுக்கு நிதி திரட்டுவதற்காக 2012இல் கியோத்தோ மாரத்தானில் ஓடினார். செல்வம் மிகுந்த ஜப்பானிலேயே நிலை இதுவென்றால், பணத்தின் அளவு ஒன்றே விளக்கமாகாது என்பது தெளிவாகிறது.

5. வேலூர் தரும் சான்று

மாறுபட்ட ஏற்பாட்டுக்கு எடுத்துக்காட்டைத் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. தமிழ்நாட்டின் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், மாமன் சாண்டி அவர்களின் முயற்சியால் 1986இல் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை தொடங்கியது. அதற்கு மறு ஆண்டிலேயே, அதாவது 1987இல், கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் முதல் மச்சை மாற்று நடந்தேறியது. ஏறக்குறைய ஒரே காலத்தில் புறப்பட்ட இவ்விரு பயணங்களும் பல நூறு உயிர்களைக் காத்தவை.

வேலூரில் அவ்வனுபவத்தின் மேல், மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன், குருத்தணு ஆய்வு மையம் ஒன்று எழுப்பப்பட்டது. அம்மையத்தின் அலோக் ஸ்ரீவாஸ்தவா குழுவினர், கடுமையான ஹீமோஃபீலியா நோயாளிகள் ஐவருக்கு, அவரவர் குருத்தணுவிலேயே உறைவுக்காரணியின் மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தியதன் பலனை 2024 டிசம்பரில் வெளியிட்டனர். ஐவருக்கும் இரத்தக்கசிவு நின்றது. முதல் மச்சை மாற்றிலிருந்து இவ்வெற்றி வரையில் முப்பத்தெட்டு ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் ஒரே மருத்துவமனையின் நோயாளிகளைச் சுற்றியே அறிவு திரண்டது. ஓர் ஊரின் வெற்றியை வேறோர் ஊருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது என்பது உண்மையே. எனினும், சிகிச்சை தருவோரும் ஆய்வு செய்வோரும் ஒரே கூரையின் கீழ் நெடுங்காலம் இருந்தால் தொடர்ச்சி அறுவதில்லை என்பதை இச்சான்று உறுதிப்படுத்துகிறது. செராஸில் மருத்துவமனையும் ஆய்வுக்கூடமும் ஒரே வளாகத்தில் இருப்பது அவ்வகையில் நமக்குக் கிடைத்துள்ள பெரும் வாய்ப்பாகும்.

6. அவசரத்தின் விலை

குறுகிய காலக்கெடு, தொடர்ச்சியை மட்டுமன்றி நேர்மையையும் சோதனைக்குள்ளாக்குகிறது. 2014 ஜனவரியில், ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த முப்பது வயது நிரம்பிய ஹாருகோ ஓபோகாட்டா, உயிரணுவை அமிலத்தில் நனைத்தே குருத்தணுவாக மாற்றலாம் என்று அறிவித்தார். பிற ஆய்வகங்களில் அது நிகழவில்லை; நிறுவனத்தின் விசாரணைக் குழு முறைகேடு நடந்ததாக முடிவு செய்தது; கட்டுரைகள் அவ்வாண்டு ஜூலையில் மீட்டுக்கொள்ளப்பட்டன. அவருடைய தவற்றை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், மூலத் தரவுகளை அமர்ந்து சரிபார்த்திருக்க வேண்டிய மூத்தோர் பலரின் கண்களைக் கடந்தே அக்கட்டுரைகள் அச்சேறின என்பதையும் சேர்த்தே நினைவிற் கொள்ள வேண்டும்.

அதற்கு முன் தென்கொரியாவில் நிகழ்ந்த ஹ்வாங் வூ-சுக் விவகாரம், படிநிலையின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. அங்கே மனிதக் கருமுட்டையைக் கொண்டு குருத்தணு உருவாக்கியதாகப் பொய்யான முடிவுகளை வெளியிட்டவர் நாடே கொண்டாடிய மூத்த பேராசிரியர். ஆய்வுக்குத் தம் கருமுட்டைகளைத் தந்தவர்களுள் அவரிடமே பணியாற்றிய இளம் பெண் ஆய்வாளர் இருவர் இருந்தனர். உண்மையை வெளிக்கொணர்ந்தவரும் அக்கூடத்தில் முன்பு பணிபுரிந்த ஓர் இளைஞரே. தம் மேலாளரின் கையொப்பத்தில் அடுத்த ஆண்டின் ஊதியம் அடங்கியிருக்கும் ஒருவர், ‘இது தவறு’ என்று சொல்ல எத்துணைத் துணிவு வேண்டும்! மலேசிய அறிவியல் கழகத்தைச் சார்ந்த இளம் விஞ்ஞானிகள் வலையமைப்பு, ஆய்வு நேர்மையைக் கற்பிக்கும் பாடத்திட்டமொன்றை உருவாக்கிப் பல்கலைக்கழகங்களுக்கு எடுத்துச் சென்றிருப்பது பாராட்டுக்குரியது. எனினும் நேர்மையைக் கற்றுக்கொடுப்பது ஒன்று. நேர்மையாயிருப்பவர் வேலையை இழக்காதிருக்க வழி செய்வது மற்றொன்று.

7. ஒரு மறுப்பும் அதன் மதிப்பும்

‘குறுகிய ஒப்பந்தம்தான் போட்டியை வளர்க்கிறது, நிலையான பதவி கொடுத்தால் சோம்பல் புகும், திறமையுள்ளோர் எப்படியும் மேலே வருவர்’ என்று சிலர் வாதிப்பர். இதை எளிதில் தள்ளிவிடக் கூடாது. ஆய்வுப் பணம் மக்களின் பணம். அதற்குக் கணக்கு கேட்பது நியாயம். யூகேஎம்மில் இளம் ஆய்வாளர்களுக்கான ஊக்க மானியமும், உயர்கல்வி அமைச்சின் அடிப்படை மானியத்தில் தொடக்கநிலை ஆய்வாளர்களுக்கென ஒதுக்கப்பட்ட பிரிவும், போட்டியின் வழியாகவே பலருக்கு முதற்கதவைத் திறந்துவிட்டுள்ளன.

ஆனால் இவ்வாதம் எதை அளவுகோலாகக் கொள்கிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாண்டில் எண்ணத்தக்கவை கட்டுரைகளும் மேற்கோள்களுமே. மனிதரின் உடலில் ஓர் ஒட்டுத் தோல் பற்றிக்கொண்டதா என்பதை மூன்றாண்டில் எண்ண இயலாது. ஆகவே அப்போட்டியில் வெல்பவர், விரைவில் பிரசுரமாகக் கூடிய கேள்விகளைத் தேர்ந்தெடுக்கும் சாதுரியமுடையவராக இருப்பாரேயன்றி, நோயாளிக்கு நெருக்கமான கடினமான கேள்வியுடன் போராடுபவராக இருப்பது அரிது. தூய்மைக் கூடத்தின் செய்முறை ஆவணத்தை எழுதி, ஒழுங்குமுறை அமைப்பின் கேள்விகளுக்கு விடை தயாரித்து, ஓராண்டைச் செலவிட்ட இளைஞருக்கு அவ்வாண்டின் கட்டுரைக் கணக்கில் ஒன்றும் சேர்வதில்லை. சிகிச்சை பிணியாளரைச் சென்றடைவதோ அவ்வேலையால்தான். ரப்பர்க் கன்றை நட்டவர் பால் வெட்டுவதற்கு ஆறேழு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பதை இந்நாட்டுத் தமிழர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை; மூன்றாம் ஆண்டில் கணக்குப் பார்த்துத் தோப்பைக் கைவிட்ட தோட்ட நிர்வாகம் எதுவும் பிழைத்திராது.

8. முடிவுகள்

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும் முடிவுகளைத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவதாக, மீளுருவாக்க மருத்துவத்தில் இளம் விஞ்ஞானியின் இடர்ப்பாட்டுக்கு அடிப்படைக் காரணம், பணியின் இயற்கையான காலத்திற்கும் பணியாளரின் ஒப்பந்தக் காலத்திற்கும் உள்ள இடைவெளியே. ஆட்குறை, பணக்குறை, வெளியேற்றம் ஆகிய மூன்றும் இவ்விடைவெளியால் கடுமையடைகின்றன.

இரண்டாவதாக, பேராசிரியருக்கும் மாணவருக்கும் இடையே ஒரு நிலையான படி தேவை. நம் பல்கலைக்கழகங்களில் ஆய்வு அதிகாரி என்னும் பதவி ஏற்கெனவே இருக்கிறது; உயிரணு வளர்ப்பிலும் தூய்மைக் கூடத்திலும் தேர்ந்தவர்களுக்கு அப்பதவிகளைப் போதிய அளவில் உண்டாக்கி, உயர்வுக்கும் வழி வகுத்தால், ஒவ்வொரு கூடத்திலும் அறிவு தங்கும்.

மூன்றாவதாக, மானியத்தை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கு நீட்டி, இடையே கடுமையான மதிப்பாய்வு வைக்கலாம். அதனால் கணக்குக் கேட்கும் உரிமையும் குறையாது, பணியின் தொடர்ச்சியும் அறாது. பதவி உயர்வைத் தீர்மானிக்கையில், ஒழுங்குமுறைக்கான உழைப்பையும், பிறருடைய முடிவை மறுபடி செய்து சரிபார்த்த உழைப்பையும், எதிர்பார்த்த பலன் தராத ஆயினும் நேர்மையாக அறிவிக்கப்பட்ட பரிசோதனையையும் கட்டுரைக்கு ஈடாக எண்ண வேண்டும்.

இறுதியாக, தமிழ்ப் பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். மருத்துவராவதே அறிவியல் பயிலும் பிள்ளையின் ஒரே உயர்ந்த கதி என்னும் எண்ணம் நம்மிடையே ஆழப் பதிந்திருக்கிறது. மருத்துவர் நாளை பயன்படுத்தப்போகும் சிகிச்சையை இன்று ஆய்வுக்கூடத்தில் ஒருவர் உருவாக்கிக்கொண்டிருக்கிறார். அவ்வேலையை நாடும் மகனையோ மகளையோ, ‘இது எப்போது முடியும், எப்போது சம்பாதிப்பாய்?’ என்று ஆண்டுதோறும் கேட்டு மனம் தளரச் செய்யாதீர்கள். அரசு நீட்டித் தர வேண்டிய காலம் ஒருபுறமிருக்க, குடும்பம் நீட்டித் தரக்கூடிய காலமும் ஒன்று உண்டு. அதை மனமுவந்து தருவது நம் கையிலேயே இருக்கிறது.